ஏழாவது ஜோடி

அத்தை வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும். அது நிறைய ஒற்றைக் கையுறைகள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு மற்றதைக் குப்பையில் போடுவார்கள். அத்தை அதைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். விடுமுறை நாளில் பையைத் தரையில் கவிழ்த்து, அளவு பார்த்து, இடதுக்கு ஒரு வலது தேடி, ரப்பர் வளையம் மாட்டி வைப்பார். ஒன்று மஞ்சளாக இருக்கும், இன்னொன்று சாம்பல். ஒன்று புதிது, மற்றதில் விரல் நுனியில் ஓட்டை. அப்படிச் சேர்த்ததைத்தான் மறுநாள் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.

கஞ்சம் என்பாள் அம்மா. கஞ்சர்கள் மிச்சமானதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். அத்தைக்கோ, ஜோடி கிடைக்காமல் கடைசியில் ஒரு கையுறை தரையில் கிடந்தால் முகம் வாடிவிடும். "இருடா, அடுத்த வாரம் ஒனக்கு ஒருத்தன் கெடைப்பான்" என்று சொல்லித்தான் அதைத் திரும்பப் பையில் போடுவார்.

"ஒத்தையா விட்டா எதுவும் கெட்டுடும்." வாழைப்பழத்துக்கும் இதையே சொல்வார், மனிதர்களுக்கும் இதையே சொல்வார்.

அவர் என் அப்பாவுக்கு அக்கா. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால் இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவர். பெரிய தம்பி என் அப்பா, சின்னவர் என் சித்தப்பா. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லாருக்கும் ஜோடி தேடுகிறவர் தனக்கு ஏன் தேடவில்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சின்னத் தம்பியைக் காட்டியிருப்பார்.

விமான நிலையத்தில் தரை கழுவும் வேலையில் சேர்ந்து, சரக்கு இழுக்கும் மின்வண்டி ஓட்டி, கடைசியில் அந்த வண்டிகளின் பேட்டரி அறைக்குப் பொறுப்பானார். அந்தக் காலத்து ஈய பேட்டரிகள் அவை. அடிக்கடி மூடி திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். "நா பேட்டரிக்குத் தண்ணி காட்டுறவ" என்று மாட்டுக்காரர் மாதிரி சொல்லிக்கொள்வார். எல்லா பேட்டரியும் தண்ணீர் குடிக்கும் என்றே கடைசிவரை நம்பினார் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாதா கோவில் ஒரு மேட்டின் மீது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் அத்தை பெஞ்சு பெஞ்சாக நடந்து ஆட்களை இடம் மாற்றுவார். காது மந்தமான ஒரு பெரியவரை ரோஸ் ஆன்ட்டி பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார். ரோஸ் ஆன்ட்டி பாடினால் கீழே ரோட்டில் நிற்கும் டாக்சிக்காரருக்கும் கேட்கும். புதிதாகப் புருஷனை இழந்தவளை, நாலு பிள்ளைகளோடு அல்லாடுகிறவள் பக்கத்தில் நகர்த்துவார்.

"நா எங்க உக்காந்தா ஒனக்கென்னா?" என்று ரோஸ் ஆன்ட்டி ஒருமுறை சண்டைக்கு வந்தார். "எல்லா எடத்துலேருந்தும் மாதாவுக்கு என்னத் தெரியும்லா!"

"மாதாவுக்குத் தெரியும். இவருக்குப் பாட்டு கேக்கணும்ல? நகரு."

ரோஸ் ஆன்ட்டி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். அத்தை சொன்னால் எல்லாரும் நகர்வார்கள். அவர் குரலை உயர்த்தமாட்டார், கெஞ்சவும் மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நாம் நகர்ந்திருப்போம்.

நானும் நகர்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் தொடக்கநிலை ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்நிலைப் பள்ளி, பாலிடெக்னிக், பிறகு பல்கலைக்கழகம். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதுதான் அடக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் தாழ்த்திக்கொள்வதில்லை. எனக்குப் பதிலாக யாரும் பரீட்சை எழுதவில்லை.

நான் உயர்நிலைப் பள்ளி முடித்து ஓ லெவல் பரீட்சை எழுதிய வருடம் சித்தப்பா ஜூரோங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். இன்னொரு வேலை போயிருந்தது. அத்தை தன் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட்டால் தம்பி தனியாக இருப்பாரே. அதனால் என் அறை சித்தப்பாவின் அறையானது. நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, ரயிலில் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய், சாங்கி விமான நிலையத்தில் படித்தேன். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் அங்கே படிப்பது ஊரறிந்த விஷயம். குளிர்சாதனம் உண்டு, நல்ல வெளிச்சம் உண்டு. பெட்டி தள்ளிப் போகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இடைவேளையில் அத்தை சீருடையோடு வந்து ஒரு மைலோ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார். ஒரு மாலை அவருக்குப் பின்னால் சித்தப்பாவும் வந்து நின்றார், தலையைப் படிய வாரிக்கொண்டு.

"இவனும் ஒம் பக்கத்துல உக்காரட்டும்" என்றார் அத்தை.

"எதுக்கு அத்தை?"

"ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ் எடுக்கப் போறான். புக்கு குடுத்திருக்காங்க. ஒன்னப் பாத்து அவனும் படிப்பான்."

"எனக்கு அடுத்த மாசம் எக்ஸாம்!"

"அதாம்மா சொல்றேன். நீ வேகமா ஓடுறவ. கூட ஒருத்தன் வந்தா ஒனக்கொண்ணும் கொறஞ்சிடாது."

சித்தப்பா கைகட்டி, "குட் ஈவினிங் டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவரோடு பிரச்சினையே. கோபமாக இருக்கும்போது சிரிக்க வைத்துவிடுவார். இரண்டு பக்கம் படிப்பார், பிறகு மேசையில் தலை சாய்ந்துவிடும். எழுப்பி எழுப்பி, பாரத்தை எங்கே வைத்தால் வண்டி கவிழும் என்று வரைந்து காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அவர் பாஸ் செய்தார். அத்தை கேக் வாங்கி வந்தார். கொஞ்ச நாள் வேலைக்குப் போன சித்தப்பா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை, அப்புறம் போகவே இல்லை. எனக்கு இயற்பியலில் நான் எதிர்பார்த்ததற்கு ஒரு படி கீழேதான் வந்தது. அதற்குச் சித்தப்பாதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அப்பாவின் கதை எனக்கு முந்தியது. கப்பல் பட்டறையில் அப்பா நல்ல பெயரோடு இருந்த காலத்தில், "ஒங்கூடவே சேத்துக்கடா" என்று அத்தை சின்னவரை அனுப்பினார். சித்தப்பா ஒருநாள் ஒரு வால்வை மூட மறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரக்குக்குச் சேதம். அலுவலகத்தில் போய் நின்று, "நாந்தான் மறந்துட்டேன்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவரைச் சாமான் கிடங்கில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

வீட்டில் எந்தச் சண்டை தொடங்கினாலும் அம்மா அந்தக் கிடங்கில்தான் வந்து முடிப்பாள். "ஒங்கக்கா ஜோடி சேத்து வெச்சாங்க. நீங்க ஸ்டோர்ல உக்காந்து நட்டு எண்ணுனீங்க."

அப்பா ஒரே பதில்தான் சொல்வார். "அவன் தனியா இருந்திருந்தா என்னா ஆயிருப்பான்?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அத்தை ஓய்வு பெற்ற வருடம், நான் ஒரு பேட்டரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் கோவிலின் வெளிவாசலிலிருந்து பூசை நடக்கும் மண்டபம் வரை நல்ல சரிவு. ரோஸ் ஆன்ட்டி அதற்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அவரைப் போல இன்னும் பலர். மழை நாளில் பாதிப்பேர் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் யாரோ ஒரு பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டியைக் கோவிலுக்குக் கொடுத்தார்கள். இன்ஜின் செத்துப்போன வண்டி.

"இன்ஜினத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரில ஓட்டலாம் ஃபாதர். நா மாத்தித் தரேன்" என்றார் அத்தை.

ஃபாதர் யோசித்தார். ரோட்டுக்குப் போகாத வண்டி, வளாகத்துக்குள் மட்டும் ஏறி இறங்கப் போவது. "சரி. ஆனா ஒங்க தம்பி வீட்ல இன்ஜினியர் ஒருத்தி இருக்காளே, அவ பாத்து ஓகே சொன்னாத்தான் ஆள ஏத்தணும்" என்று என்னைக் கைகாட்டினார்.

"அவ சொல்லாம யாரு சொல்லுவா?" என்று அத்தை என் தோளைத் தட்டினார். அன்று அவருக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

பழைய விமான நிலைய வண்டி ஒன்றின் மோட்டாரை அத்தை எங்கிருந்தோ கொண்டுவந்தார். பேட்டரி, எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவரின் வாகன உடைப்புக் கூடத்திலிருந்து வந்தது. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு மின்காரின் வயிற்றிலிருந்து கழற்றிய பதினான்கு மாட்யூல்கள். ஒவ்வொன்றும் தடித்த அகராதி அளவில் ஒரு வெள்ளி நிறத் தகட்டுப் பெட்டி. காரில் அவற்றை வேறு விதமாகக் கோத்திருந்தார்கள். கோல்ஃப் வண்டியின் மோட்டார் சிறியது. அதற்கு ஏற்றபடி கலைத்து, இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, அந்த ஏழு ஜோடிகளை வரிசையாகக் கோக்க வேண்டும்.

இரண்டிரண்டாக என்றதுமே அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கோவிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வேலை நடந்தது. செம்புப் பட்டை வாங்க என்னையும் ஜாலான் புசாருக்குக் கூட்டிப் போனார். இரும்புச் சாமான் கடையில், "தவ்கே, தெம்பாகா ஆடா?" என்று, செம்பு இருக்கிறதா என மலாயில் கேட்டு, சீனக் கடைக்காரர் எடுத்துப் போட்ட செம்புப் பட்டைகளைத் தட்டிப் பார்த்தார். கடைக்காரர் போல்ட்டுகளை அள்ளிப் போட்டதில் ஒன்று அதிகமாகிவிட, "ஒத்தையா குடுக்காதீங்க, இன்னொண்ணு போடுங்க" என்று வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் தேக்கா சந்தையில் டீ குடித்தோம். ஒரு பொட்டலத்து முறுக்கில் உடைந்ததை அவர் எடுத்துக்கொண்டு முழுசை எனக்குத் தந்தார். ஒரு வாய் கடித்தபின் என் முழு முறுக்கில் பாதியை ஒடித்துச் சித்தப்பாவுக்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

வேலை தொடங்கும் முன் ஜெபமாலைச் சங்கிலியையும் வளையலையும் கழற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவார். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஸ்பானரின் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். ஒவ்வொரு மாட்யூலோடும் ஒரு லாரி விளக்கைக் கட்டி எரியவிட்டு, எது நீடித்து எரிகிறது, எது சீக்கிரம் மங்குகிறது என்று பார்த்து, பலசாலியிலிருந்து நோஞ்சான் வரை பாயில் வரிசையாக அடுக்கினார். பிறகு, இன்னும் கம்பி கட்டாமல், முதலாவதோடு கடைசியைச் சேர்த்து வைத்தார். இரண்டாவதோடு கடைசிக்கு முந்தியதை. அப்படியே ஏழு ஜோடி.

அது சரியான முறைதான். எல்லா ஜோடியின் கூட்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். எங்கள் கூடத்தில் கணினி செய்கிற அதே காரியம். நானும் பாராட்டினேன்.

ஆனால் அடுத்த வாரம் போய் மீட்டரால் தொட்டுப் பார்த்தபோது அந்தக் கடைசி மாட்யூல், ஒன்றோடும் இணைக்காமல் சும்மா கிடந்ததே, தானாகவே இறங்கியிருந்தது. மற்ற பதின்மூன்றும் விட்ட இடத்தில் நின்றன. சின்னப் பாத்திரம் வேறு, ஓட்டைப் பாத்திரம் வேறு. கொள்ளளவு குறைந்ததை நல்லதோடு சேர்க்கலாம். உள்ளுக்குள் கசிகிறதைச் சேர்த்தால், நல்லது ராப்பகலாக அதற்கு ஊற்றிக்கொண்டே இருக்கும்.

"அத்தை, இது லீக் ஆவுது. இத எடுத்துடணும்."

"ஒரு வாரம் தனியா கெடந்துச்சு. யாருக்குத்தான் எறங்காது?"

"மத்ததும் தனியாத்தான் கெடந்துச்சு."

"அதுங்க தாங்கும்."

சொல்லிக்கொண்டே அதை அதன் ஜோடியோடு கட்டி, வரிசையில் ஏழாவதாக வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் மீட்டரை வாங்கித் தானே தொட்டார். எண் மேலே ஏறியிருந்தது. "பாத்தியா இன்ஜினியரம்மா? கூட ஆள் வந்ததும் நிமிந்து உக்காந்துடுச்சு."

"அது நிமிரல அத்தை. பக்கத்துல இருக்கறது குடுக்குது. ரெண்டையும் சேத்து வெச்சு அளந்தா ஒரே நம்பர்தான் காட்டும். எது குடுக்குது, எது குடிக்குதுன்னு வெளியேருந்து தெரியாது."

சித்தப்பா வண்டியின் ஓட்டுநர் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டப் போகிறவர் அவர்தான். அத்தை அதையும் முடிவு செய்திருந்தார். நான் பேசியது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. துணியைப் பிழிந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகக் கண்காணித்து, ஏதாவது எல்லை மீறினால் பீப் என்று கத்தி மின்சாரத்தை வெட்டிவிடும் பி.எம்.எஸ் பலகை ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். அது எதிர்பார்த்தபடியே செய்தது. சார்ஜ் போட்டால் பாதியில் வெட்டிவிடும். ஏனென்றால் சார்ஜருக்கு மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். ஏழாவது ஜோடி வற்றிக் கிடந்தால், அந்தக் குறையையும் சேர்த்து மற்ற ஆறின் தலையில் ஊற்றும். அவை அளவுக்கு மேல் நிரம்பும். நிரம்பினால் உப்பும், உப்பினால் எரியும். இந்த வகை பேட்டரி எரிந்தால் தண்ணீர் ஊற்றி உடனே அணைக்க முடியாது. எங்கள் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

"சும்மா சும்மா கத்துது ஒம் போர்டு. அழுமூஞ்சி" என்றார் அத்தை.

"அந்த மாட்யூல மாத்துங்க, கத்தாது."

"வேற ஒண்ணு வரட்டும். பாத்துக்கிறேன்."

உடைப்புக் கூடத்துக்காரர் வேறொன்று தருவதாகச் சொன்னது உண்மை. அது வராமல் ஆளை ஏற்றக் கூடாது என்று ஃபாதரிடமும் சொல்லிவிட்டேன். மாதா திருவிழாவுக்குள் வந்துவிடும் என்றார்கள்.

திருவிழா அன்று காலை நான் சீக்கிரமே போனேன். கொட்டகைக்கு வெளியே வண்டிக்குப் பூமாலை சாத்தியிருந்தது. கூரையைச் சுற்றி நீலக் காகித மாலை. சார்ஜர் சீராக இரைந்துகொண்டிருந்தது. பலகை கத்தவில்லை. நல்லது, புதியது வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருக்கையைத் தூக்கினேன்.

பலகையின் செருகி கழன்று ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சார்ஜரின் கம்பி நேராக பேட்டரியில் ஏறியிருந்தது. ஏழாவது ஜோடி பழைய ஜோடிதான். நடுவில் இருந்த மாட்யூல்களின் தகடு பக்கவாட்டில் உப்பியிருந்தது. முந்தைய வாரம் அவற்றின் இடையில் என் சுண்டுவிரல் போகும். இப்போது நகம்கூட நுழையவில்லை.

சார்ஜரை அணைத்தேன். என் வளையலைக் கழற்றிக் கீழே வைத்தேன். அத்தையின் டியூப் சுற்றிய ஸ்பானரை எடுத்து, எல்லா ஜோடிகளையும் கோத்து நிற்கும் நடுச் செம்புப் பட்டையைக் கழற்றினேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அத்தை வாசலில் நின்றார். புதுச் சேலை. அவருக்குப் பின்னால் சித்தப்பா, புதுச் சட்டை, கையில் சாவி.

"மாட்டு அத" என்றார் அத்தை.

"முடியாது."

"ஃபாதருகிட்ட நா சொல்லிக்கிறேன். இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு நீயே பிரிச்சுக்க. கீழ எல்லாம் வந்து காத்துக்கிட்டு இருக்காங்க."

"மேல ஏறும்போது பத்திக்கிச்சுன்னா? ரோஸ் ஆன்ட்டி எறங்கி ஓடுவாங்களா?"

"பத்தாது. நா தொட்டுப் பாத்தேன். சூடே இல்ல."

"உப்பியிருக்கு அத்தை. இங்க வந்து பாருங்க."

அவர் வந்து பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "ஒண்ணு சரியில்லன்னா ஒதுக்கித் தூரப் போடணும். அதான ஒனக்குப் படிச்சுக் குடுத்தாங்க?"

"ஆமா. அதான் படிச்சுக் குடுத்தாங்க."

"அப்ப எங்கள யாரையும் வெச்சிருக்க மாட்டாங்க, ஒனக்குப் படிச்சுக் குடுத்தவங்க."

பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதன் விளிம்பு உள்ளங்கையை அழுத்தியது. அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார், எல்லார் பக்கத்திலும் நிற்பாரே, அப்படி. நான் நகரவில்லை. அவர் வாழ்க்கையில் அவர் சொல்லி நகராதது நான் மட்டும்தானோ என்னவோ.

அவர் திரும்பிக் கீழே இறங்கிப் போனார்.

சரிவின் அடியில் ரோஸ் ஆன்ட்டி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, "எங்கப்பா என் டாக்சி?" என்று கத்திக்கொண்டிருந்தார். "டாக்சி நாந்தான்" என்று அத்தை அவரது நாற்காலியின் பிடியைப் பற்றித் தள்ளத் தொடங்கினார். மேலே விட்டுவிட்டு இறங்கி வந்தார். அடுத்த நாற்காலியைப் பிடித்தார். நானும் ஓடிப்போய் ஒரு நாற்காலியைப் பிடித்தேன், இளையவர்கள் சிலரும் வந்தார்கள். மற்றவர்கள் ஒருவரை ஏற்றிவிட்டு மேலே நின்று மூச்சு வாங்கினார்கள். அத்தை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தார். என் கை அவர் பிடித்த நாற்காலிப் பக்கம் போனபோது, "தேவையில்ல" என்றார், முகத்தைப் பார்க்காமல். சித்தப்பா ஓடாத வண்டியில், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து வரச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எல்லாரும் பூசைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கீழே நிற்கவில்லை. நற்கருணை கொடுக்கும்போதுதான் அத்தையின் இடம் காலியாக இருப்பதைக் கவனித்தேன். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன், சரிவின் பாதியில் ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. புறங்கையை நெஞ்சில் வைத்து, பேட்டரியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இதயத்தில் பழைய கோளாறு என்றார்கள் மருத்துவமனையில். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றார்கள். தாழ்வாரத்தில் அம்மா என் காதருகே, "ஒரு நாளைக்கு ஓட விட்டிருக்கலாம்ல?" என்றாள். அத்தையின் ஜோடிகளை வாழ்நாள் முழுக்கத் திட்டியவள் அதைச் சொன்னாள். மற்றவர்கள் சொல்லவில்லை.

ஓட விட்டிருக்க முடியாது. அன்று கேட்டவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன், இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எந்த ராத்திரியும் இதை நினைத்து நான் என் பதிலை மாற்றியதில்லை. நினைக்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உடைப்புக் கூடத்துக்காரரும் நானும் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிப்போய், பாதுகாப்பு உடையோடு எல்லாவற்றையும் பிரித்தோம். உப்பியவற்றை மணல் நிரப்பிய தொட்டியில் தனித்தனியாக வைத்தோம். ஏழாவது ஜோடியைப் பிரித்து அளந்தேன். அதற்குள் சில வாரங்கள் ஆகியிருந்தன. கசிந்த மாட்யூல் செத்திருந்தது. அதோடு கட்டியிருந்தது, லாரி விளக்கைக் கடைசிவரை பளிச்சென்று எரித்ததே, முதல் இடத்தில் இருந்த பலசாலி, அதுவும் திரும்ப ஏற்ற முடியாத அளவுக்கு வற்றிச் செத்திருந்தது.

அத்தையை அப்போது இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். என்னிடம் அவர் பேசாமல் இருந்த காலம் அது. நான் போவேன், கஞ்சி ஊட்டுவேன், வாயைத் திறப்பார், ஒரு வார்த்தை வராது. அந்த மாலை அவராகவே கேட்டார். கண் ஜன்னல் பக்கம் இருந்தது.

"பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"எது போச்சு?"

சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். அளந்ததை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

"ரெண்டும்."

நான் சொன்னதைத்தான் அது நிரூபித்தது. நல்ல ஒன்றை வீணாக்கினீர்கள் என்று சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. அத்தை ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு அவர் முகம், பையின் அடியில் கடைசிக் கையுறைக்கும் ஜோடி கிடைத்துவிட்டால் மலருமே, அந்த மாதிரி தெளிந்தது.

"சேந்துதான் போச்சா?"

"ஆமா."

"அப்பச் சரி."

போர்வைக்கு வெளியே கிடந்த அவர் கையில் ஊசி குத்திய இடம் கன்றியிருந்தது. அந்தக் கையால் என் மணிக்கட்டைத் தொட்டார். திருவிழாவுக்குப் பிறகு அன்றுதான் தொட்டார்.

"சின்னவன் சாப்ட்டானா?"

"தெரியல அத்தை. கேக்கல."

"கேளு."

வேறு யாரிடமும் அவர் அதைக் கேட்கச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பார்வை நேரம் முடிந்து விளக்கைக் குறைத்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வெளியே பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார், என்னோடு வீட்டுக்கு வருவதற்காக.